அல்லியின் அசல் மூக்கு

அன்று காலை சமையலறைச் சுவரில் அல்லியின் முகம் மூன்று மூக்குகளோடு தொங்கியது. முதல் மூக்கு கத்தி போல் நேராக இருந்தது. இரண்டாவது மூக்கு மெழுகில் செய்து வெயிலில் மறந்துவைத்தது போல் வழவழப்பாக இருந்தது. மூன்றாவது மூக்கு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படவைக்கும் அளவுக்குச் சிறியது. தரையில் உட்கார்ந்து, தொட்டியில் விளைந்த வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருந்த சொர்ணம், ஒவ்வொரு காய்க்கும் ஒருமுறை தலையைத் தூக்கி, மகளுக்கு எந்த மூக்கை வைப்பது என்று யோசித்தாள். கண்ணாடிக் கூரைக்கு மேலே செவ்வாயின் சிவப்புப் புழுதி வழக்கம்போல் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

மகள் நான்காவது மூக்கோடு, அதாவது பிறந்ததிலிருந்து வைத்திருக்கும் மூக்கோடு, எதிரே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். அந்த மூக்கைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

புதுத்திருமங்கலத்தில் கல்யாணம் என்றால் முதலில் படம். அதற்கு ஒரு கதை உண்டு. ஊரை நிறுவியவர்கள் பூமியிலிருந்து கிளம்பும்போது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். உறைநிலையில் கொண்டுவந்த கருக்களின் பெட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை எல்லாம் கிழித்து எரித்தார்கள். யார் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று இனி ஒருவரும் கேட்க முடியாது. சாதி அன்றைக்கே ஒழிந்தது. மறுநாள் காலையில்தான் ஒருவருக்கு உறைத்தது, யாருக்கு யார் அண்ணன், யார் தங்கை என்பதும் அதோடு சேர்ந்து ஒழிந்துவிட்டது என்று.

இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் சோதிக்க விட்டால், நம் ஆட்கள் அந்த வழியாகவே சாதியைத் தோண்டி எடுத்து, குளிப்பாட்டி, பொட்டு வைத்து, நடுவீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று நிறுவியவர்கள் பயந்தார்கள். நம் ஆட்களை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆகவே இரத்தச் சோதனைக்குத் தடை போட்டு, உறவாய்வி என்ற பொறியை நிறுவினார்கள். பெண்ணின் படத்தையும் மாப்பிள்ளையின் படத்தையும் அதற்கு அனுப்ப வேண்டும். நெற்றி, மூக்குத்தண்டு, தாடை எல்லாவற்றையும் அளந்து, இரண்டு பேரும் உடன்பிறந்தவர்களா இல்லையா என்று அது சொல்லும். நிச்சயத்துக்கு முன்பு ஒருமுறை, கல்யாணத்துக்கு முதல்நாள் ஒருமுறை. அது சரி என்றால்தான் மாலை.

அந்தப் படத்தைத் திருத்தாமல் யாரும் அனுப்புவதில்லை. திருத்தாமல் அனுப்பக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. தலை சீவாமல் பந்திக்குப் போகக் கூடாது என்றும் சட்டம் இல்லை.

திருத்துவதற்கு ஊரில் மூன்று இலவச மென்பொருள்கள் இருந்தன. சொர்ணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். பளிங்கு என்பது கை வைத்தவுடன் வேலையை முடித்துவிடும், ஆனால் கூலியாகத் தன் பெயரை நெற்றியில் மங்கலாக எழுதிவிட்டுப் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் திருநீறு மாதிரி இருந்ததால் பெரியவர்கள் ஆட்சேபிக்கவில்லை. மினுக்கி நெற்றியைத் தொடாது. கருவிழிக்குள் சின்னதாக ஒரு சோப்பு விளம்பரத்தை ஓடவிடும். கிட்டே போய் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கல்யாணப் படத்தை எல்லோரும் உற்றுத்தான் பார்ப்பார்கள். மூன்றாவது மெருகன். அதில் விளம்பரம் இல்லை, முத்திரை இல்லை. யாரோ தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் ஆசையாகச் செய்தது. சம்பளம் வாங்காத கோபத்தை எல்லாம் பொத்தான்களை ஒளித்துவைப்பதில் காட்டியிருந்தார்கள். இரட்டைத் தாடையைக் குறைக்க வேண்டுமென்றால் ஓர் அடுக்கைத் திறந்து, அந்த அடுக்குக்குள் இன்னோர் அடுக்கைத் திறந்து, அங்கே முகமூடி என்ற ஒன்றைப் போட்டு, போட்டதைக் கழற்ற வேண்டும். சந்தேகம் கேட்டால், கையேட்டைப் படித்தாயா என்று திருப்பிக் கேட்பார்கள். சொர்ணம் படித்திருந்தாள். அந்த ஊரில் அந்தக் கையேட்டை முழுதாகப் படித்த ஒரே ஜீவன் அவள்தான்.

"மெருகன்லயே வச்சிருவோம். அதான் செஞ்சது தெரியாம செய்யுது" என்றாள்.

"செய்யாமலே விட்டா இன்னும் தெரியாதும்மா."

"இந்த மூக்கோடயா அனுப்பச் சொல்ற? மாப்பிள்ளை வீட்ல என்ன நெனப்பாக?"

"அவரு தெனமும் இந்த மூக்கத்தான் பாக்குறாரு."

"அவரு பாக்குறது வேறடி. படம்னு ஒண்ணு இருக்குல்ல."

அல்லி காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அவளுடைய மூக்கு நடுவில் சற்றே மேடேறி, வலப்பக்கம் சாய்ந்து, எங்கே போவது என்று முடிவெடுக்காத ஆள் மாதிரி நிற்கும். மாப்பிள்ளை நல்லமுத்துவுக்கு அது பிடித்திருந்தது. நல்லமுத்து காற்றுக்குழாய் பழுதுபார்ப்பவன். ஒருமுறை குழாய் வெடித்ததில் இடது புருவம் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு வழி விட்டு ஆறியிருந்தது. அல்லிக்கு அது பிடித்திருந்தது. இருவரும் இதைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர்கள் பேசிக்கொண்டதைவிடச் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க இப்போது நேரமில்லை. நல்லமுத்துவை வடமுனைப் பனிச்சுரங்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த வண்டியில் கிளம்ப வேண்டும். போனவர்கள் தலை நரைத்துத்தான் திரும்புவார்கள். கணவனோடு மனைவி போகலாம், மனைவியோடு கணவன் போகலாம். வேறு யாரும் யாரோடும் போக முடியாது. வண்டி கிளம்புவதற்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும்.

சொர்ணம் மெருகனில் மகளை முடித்தாள். நல்லமுத்துவின் மதினி மினுக்கியில் கொழுந்தனை முடித்தாள். இரண்டு படங்களும் உறவாய்விக்குப் போயின. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பதில் வந்துவிட்டது.

உடன்பிறந்தோர். மணம் கூடாது.

சொர்ணம் அழுதாள். அவள் சுமந்து பெற்றதும் கருப்பெட்டியிலிருந்து எடுத்துவைத்த கருதான். நல்லமுத்துவின் தாய் சுமந்ததும் அப்படித்தான். ஒரே பெட்டியாக இருந்திருந்தால் யார் கண்டது? அழுது முடித்து முகத்தைக் கழுவியவள், மாலைக்குள் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவளுக்கு ஓர் அண்ணன் கிடைத்தானே என்று பணியாரம் சுட்டு, ஒரு டப்பாவில் போட்டு, நல்லமுத்துவுக்குக் கொடுத்தனுப்பினாள். கட்டிக்கொடுக்க முடியாத வருத்தத்தில் சர்க்கரையைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டிருந்தாள்.

காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க நல்லமுத்து மறுநாள் வந்தான். இருவரும் ஊரின் ஓரத்தில், கண்ணாடிச் சுவரை ஒட்டிய பலகையில் உட்கார்ந்தார்கள். வெளியே புழுதி எழுந்து அடங்கியது. மறுபடி எழுந்து அடங்கியது. முன்பெல்லாம் அவர்களுக்கு நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருக்கும். இப்போது அந்த டப்பா இருந்தது.

"உன்ன இனிமே எப்படிக் கூப்புடுறதுன்னு மதினிகிட்ட கேட்டேன்" என்றான் கடைசியில்.

"என்ன சொன்னாக?"

"பாப்பான்னு கூப்புடலாமாம்."

அல்லி டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு, "கூப்புட்டுத்தான் பாரு" என்றாள். அவன் கூப்பிடவில்லை.

அல்லிக்குக் கல் பார்க்கும் வேலை. சுரங்கங்களிலிருந்து வரும் கற்களைப் படமெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இரண்டும் ஒரே பாறையிலிருந்து உடைந்தவையா என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் எந்தக் கல்லையும் அவள் வெள்ளையாக்கியதில்லை, எந்தக் கல்லின் தாடையையும் குறைத்ததில்லை. அடுத்த நாள் வேலைக்கு நடுவில், கற்களை ஒப்பிடும் திரையில் தன் கல்யாணப் படத்தையும் நல்லமுத்துவின் கல்யாணப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள்.

நெற்றி ஒன்றேதான். மூக்குத்தண்டு மயிரிழை பிசகாமல் ஒன்றேதான். தாடையை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கோடு கூடத் தெரியவில்லை. காதுகள் மட்டும் ஒட்டவில்லை. அவளுடையது அவளுடையதாகவும், அவனுடையது அவனுடையதாகவும் இருந்தன. இலவச மென்பொருள்கள் காதைத் தொடுவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

சந்தேகம் வந்ததும் மேலதிகாரியின் படத்தைப் போட்டாள். அதே தாடை. உணவகத்துச் சமையல்காரரின் படத்தைப் போட்டாள். அதே மூக்கு. வகுப்புத் தோழிகள், அண்டை வீட்டுக்காரர்கள், நகர மன்றத் தலைவர், போன மாதம் இறந்தவருக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றையும் போட்டாள். காதுகளை மறைத்துவிட்டால் ஊரே ஒரு வயிற்றுப் பிள்ளைகள். விசாரித்ததில் விஷயம் எளிமையாக இருந்தது. மூன்று மென்பொருள்களுக்கும் வெளியேதான் வேறு வேறு பெயர். உள்ளே ஓடுவது ஒரே மூளை. அந்த மூளைக்கு அழகு என்றால் ஒரே ஒரு முகம்தான் தெரியும். பூமியின் பழைய நகைக்கடை விளம்பரங்களிலிருந்து அது கற்றுக்கொண்ட முகம். மாதிரிக்கு மூன்று விதமாக மூக்கைக் காட்டினாலும், படத்தை முடிக்கும்போது யாராக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகத்தின் பக்கம் நகர்த்திவிடும்.

உறவாய்வி நிலையத்துக்கு நேரில் போனாள். பொறி ஒரு சின்ன அறைக்குள் இருந்தது. அதற்கு முகம் இல்லை. குரல் மட்டும், செய்தி வாசிப்பவரின் குரல்.

"எங்க ரெண்டு பேரையும் நேர்ல பாத்துட்டுச் சொல்லுங்க. நாங்க ஒரு சாயலா இருக்கமா?"

"ஆட்களைப் பார்ப்பது என் பணி அன்று. படங்களைப் பார்ப்பதே என் பணி."

"படம் திருத்துனதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பொறிக்குள் ஏதோ ஒன்று சுழன்று நின்றது. அது யோசித்ததா, மரியாதைக்காகக் காத்திருந்ததா என்று சொல்ல முடியாது.

"திருத்தாத படம் ஒன்றுகூட எனக்கு இதுவரை வந்ததில்லை. ஆகவே திருத்தியது எது என்று எனக்குத் தெரியாது" என்றது.

கொஞ்ச காலமாக வருகிற ஜோடிகள் அநேகமாக எல்லோருமே உடன்பிறந்தவர்களாக இருப்பதையும் அதுவே சொன்னது. முன்பு ஒவ்வொருவரும் தங்கள் கையால் ஆளுக்கொரு விதமாகத் திருத்தி அனுப்பியபோது இந்தத் தொல்லை இல்லை. இப்போது நகர மன்றம் கவலைப்பட்டு, ஊரில் புது இரத்தம் போதவில்லை என்று முடிவுகட்டி, இன்னொரு கருக்கப்பல் அனுப்பும்படி பூமிக்குச் செய்தி கொடுத்திருக்கிறதாம். ஊரெல்லாம் ஒரே மூக்காக இருப்பது மென்பொருளால்தான் என்று அல்லி விளக்கிய பிறகு, அவள் திருத்தாத படம் கொண்டுவந்தால் பார்ப்பதாகப் பொறி ஒப்புக்கொண்டது.

திருத்தாத படத்துக்கு எங்கே போவது? ஊரிலிருந்த அத்தனை கேமராக்களுக்குள்ளும் அதே மூளை குடியிருந்தது. எடுக்கும்போதே திருத்திவிடும், அணைக்கப் பொத்தான் கிடையாது. அல்லிக்குத் தெரிந்து யோக்கியமான கேமரா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நல்லமுத்துவைக் கல் பார்க்கும் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கல் வைக்கும் தட்டில் முதலில் தான் தலையைச் சாய்த்தாள். கேமரா படமெடுத்து, வழக்கப்படி கீழே குறிப்பும் எழுதியது.

சிறு துளைகள் பரவலாக உள்ளன. நடுவில் மேடு, வலப்புறச் சாய்வு. மேற்பரப்பில் அண்மையில் நீர் ஓடியதற்கான தடம்.

நல்லமுத்துவின் படத்துக்குக் கீழே, பழைய வெடிப்பு ஒன்று, இரும்பு மிகுதி, உடைத்துப் பார்க்கப் பரிந்துரை என்று வந்தது. இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் இரண்டு முகங்கள் இருந்தன. துளை துளையாக, மேடு பள்ளமாக, யாரும் நகர்த்தாத இடத்தில் அப்படியே நின்ற முகங்கள். தன் முகத்தைப் படத்தில் பார்ப்பது அல்லிக்கு அதுதான் முதல் தடவை. அவன் அவளுடைய படத்தையும், அவள் அவனுடைய படத்தையும், பார்த்துக்கொண்டே நின்றார்கள். வேலை நேரம் முடிந்து விளக்கை அணைக்க வந்தவர் இருமிக் காட்ட வேண்டியிருந்தது.

உறவாய்வியின் பதில் வந்தது. உறவில்லை. மணம் கூடும்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சொர்ணம் அழைப்பிதழில் போடுவதற்காக அந்தப் படத்தை எடுத்து மெருகனில் திறந்தாள். "மூக்கத் தொடலடி, சத்தியமா தொடல. சும்மா வெளிச்சம் மட்டும்தான் வச்சேன்" என்று பின்னால் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் இலவசமாக வேலை செய்யும் எதுவும் வந்த முகத்தைத் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பாது. மாப்பிள்ளை முகமும் கூடவே இருந்தது, அதுவும் உள்ளே போனது. உறவாய்வி ஒப்புக்கொண்ட திருத்தாத முகங்கள் எப்படி இருக்கும் என்று அந்த மூளை முதன்முதலாகக் கற்றுக்கொண்டது. ஊரில் அதற்குள் செய்தி பரவியிருந்தது, திருத்தாத முகத்துக்குத்தான் கல்யாணம் கூடிவருகிறதாம் என்று.

மூன்று மென்பொருள்களிலும் ஒரே நாளில் புதிய பொத்தான் முளைத்தது. பெயர், இயல்பு.

அதை அழுத்தினால் துளைகள் வரும். மூக்கின் நடுவில் மேடு வரும், மூக்கு வலப்பக்கம் சாயும். ஆண்களுக்கு இடது புருவத்தின் நடுவில் ஒரு வழி விடும். கல்யாணத்துக்கு நின்றவர்கள் மட்டுமில்லை, கல்யாணமாகிப் பேரன் எடுத்தவர்களும் அழுத்தினார்கள். இயல்பாக இருக்கிறோம் என்பதில் எல்லோருக்கும் ஒரு பெருமை வந்தது. நகர மன்றத் தலைவரின் புதுப் படத்தில் அவர் வெடித்த குழாய்க்குப் பக்கத்தில் நின்றவர் போல் இருந்தார். வசதி உள்ளவர்கள் படத்தோடு நிற்கவில்லை. முகப்பட்டறைக்குப் போய், இயந்திரக் கையின் முன் உட்கார்ந்து, மூக்கையே கோணலாக்கிக்கொண்டு வந்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் இரண்டாவது சோதனை. கல் கேமராவில் எடுத்த அதே படங்களை அல்லி அனுப்பினாள்.

படங்கள் ஏற்கப்படவில்லை. இம்மூக்கும் இப்புருவமும் மென்பொருளால் ஆனவை. ஊரில் பெரும்பாலோரிடம் காணப்படுகின்றன. திருத்தாத படங்களை அனுப்புக.

அல்லி நிலையத்துக்கு ஓடினாள். இது தன்னுடைய மூக்கு என்றாள். ஊர்தான் தன்னைப் பார்த்து வைத்துக்கொண்டது என்றாள். பொறி பொறுமையாகக் கேட்டது. ஒரே மூக்கு பலருக்கு இருந்தால் அது மென்பொருளின் மூக்கு என்ற பாடத்தைத் தனக்குக் கற்றுக்கொடுத்தவரே அல்லிதான் என்றும், அதற்கு மிகவும் கடமைப்பட்டிருப்பதாகவும் சொன்னது.

வீட்டுக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். மறுநாள் காலை கல்யாணம், சாயங்காலம் வண்டி. சொர்ணம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெருகனைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அல்லியே, "யாருக்கும் இல்லாத மூக்கா ஒண்ணு வைம்மா" என்றாள்.

சொர்ணம் கையேட்டில் படித்தது அத்தனையும் அன்றைக்குச் செலவழித்தாள். மேட்டை இறக்கினாள், சாய்வை நிமிர்த்தினாள். யாருடைய ஜாடையும் வரக் கூடாது என்று நகைக்கடை முகத்தின் பக்கம் போகாமல் சுற்றுவழியில் கொண்டுபோனாள். நல்லமுத்துவின் பிளந்த புருவத்தை ஒட்டித் தைத்தாள். கடைசியில் திரையில் நின்ற இரண்டு பேரையும் யாருக்கும் தெரியாது. ஆனால் பார்க்க நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

பதில் உடனே வந்தது. இயல்பான முகங்கள். உறவில்லை. மணம் கூடும்.

கல்யாணம் நடந்தது. மண்டபத்துச் சுவரில் புது ஜோடியின் அங்கீகரித்த படம் பெரிதாக ஓடியது. கீழே கோணல் மூக்கும் பிளந்த புருவமுமாக உட்கார்ந்து சாப்பிட்ட சனம், பெண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் செயற்கையாக இருக்கிறார்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது. சொர்ணத்தின் காதில் அது விழுந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. எத்தனை அடுக்குப் போட்ட வேலை என்று அவளுக்குத்தானே தெரியும்.

வடமுனை வண்டியில் இருவரும் ஏறினார்கள். வழியெல்லாம் நல்லமுத்து அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தான். அவள் விழித்துக்கொண்டு, அந்தப் புருவத்தின் நடுவில் இருந்த வழியில் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தாள்.

பனிச்சுரங்கத்தின் வாயிலில் கதவே காவலாளி. முன்னால் போய் நின்றால் முகத்தையும், மணப்பதிவில் உள்ள படத்தையும் ஒத்துப் பார்த்து வழிவிடும். வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இவர்கள் முறை வந்தபோது கதவு திறக்கவில்லை.

"முகமும் படமும் பொருந்தவில்லை" என்றது கதவு.

அல்லி நடந்ததை எல்லாம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். பின்னால் நின்ற ஒரு பெண் முன்னே வந்தாள், கதவு அவளுக்குத் திறந்தது. உள்ளே போகப் போனவள் நின்று, அல்லியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். அவளுக்கும் அல்லியின் மூக்குத்தான், புத்தம் புதியது, ஓரத்தில் இன்னும் சிவப்பு ஆறவில்லை.

"உங்களுது எந்தப் பட்டறைல பண்ணுனது?" என்று கேட்டாள். "கோணல் கொஞ்சம் கூடிப்போச்சு. இயல்பா இல்ல."

கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. அல்லி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். குளிர் உடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பும் வண்டி கிளம்புவதற்கு ஊதிவிட்டார்கள்.

"சரி, படத்த மாத்திக் குடுத்துர்றோம்" என்றாள் அல்லி. "இப்பவே வேற படம் எடுத்துக்கிடுங்க. எங்க மூஞ்சிய அப்படியே எடுத்துக்கிடுங்க."

"படத்தில் பிழை ஏதும் இல்லை. அது இயல்பான படம் என்று உறவாய்வியின் சான்று உள்ளது" என்றது கதவு. பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன அறையின் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு நாற்காலியும், அதற்கு மேல் மடங்கிய இயந்திரக் கை ஒன்றும் தெரிந்தன. "முகத்தைத் திருத்திக்கொண்டு வரவும். புதுமணத் தம்பதிகளுக்கு இலவசம்."